கண் டெஸ்ட்டுக்கு வெச்ச கோப்பை

எங்க ஸ்கூல்ல எல்லாத்துக்கும் மார்க் உண்டு. கையெழுத்துக்கு மார்க், வரிசையில நிக்கிறதுக்கு மார்க், ஏன், சத்தம் போடாம சாப்பிடுறதுக்குக்கூட மார்க். ஹெல்த் மிஸ்ஸா சேர்ந்தப்ப நானும் என்ன நினைச்சேன்னா, சரி, நாமளும் இந்த வழியிலயே போயிடுவோம்னு. தண்ணி பாட்டிலை முழுசா காலி பண்ற கிளாஸுக்கு ஸ்டார், ஒழுங்கா கை கழுவுற கிளாஸுக்கு ஸ்டார், ஸ்கிப்பிங் பண்ற கிளாஸுக்கு ஸ்டார். புள்ளைங்க பறந்தாங்க, போங்க! அந்த ஜோர்ல, கண் டெஸ்ட்ல ஒருத்தருக்கும் குறை இல்லாத கிளாஸுக்குக் கோப்பைன்னு மைக்லயே சொல்லிட்டேன்.

ஏழாம் கிளாஸ் ஏ பிரிவு கோப்பையைத் தட்டிட்டுப் போயிடுச்சு. அத்தனை பேரும் சார்ட்டை மேல இருந்து கீழ வரைக்கும் தடுக்காம படிச்சாங்க. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ், நாங்க பெரிய மேடம்னு சொல்லுவோம், அதை வாசல் போர்டுலயே பெருசா எழுத வெச்சாங்க. எனக்குன்னா தலைகால் புரியல.

அந்த கிளாஸ்லதான் எங்க அக்கா பொண்ணும் இருக்கா. ஆளு ஒல்லி, வாயைத் திறந்தா சுருக்குன்னு குத்தும், அதனால வீட்ல அவ குண்டூசி. போன வருஷம் நல்லா படிச்சவ, இந்த வருஷம் கணக்குல பாஸாகவே முக்குறா. திங்கக்கிழமை பிரிவு மாத்துறாங்க. பரீட்சையில மார்க் கீழ போனவங்க எல்லாம் சி பிரிவு. அங்க போனவங்க ஏ-க்குத் திரும்பி வந்து நான் பார்த்ததே இல்ல.

அக்கா மருந்துக்கடையில பில் போடுறா. மார்க் வந்த அன்னிக்கு வீட்டுக்குள்ள நுழைஞ்சு செருப்பைக்கூட கழட்டல, என்கிட்ட ஆரம்பிச்சுட்டா.

"உன் ஸ்கிப்பிங்கும் உன் தண்ணி பாட்டிலும்! எந்நேரமும் குதிச்சுக்கிட்டே இருந்தா படிப்பு எங்க ஏறும்?"

"படிப்பு ஏறத்தான்க்கா இதெல்லாம். உடம்பு நல்லா இருந்தா மார்க் தன்னால வரும்."

"வந்துச்சா?"



குண்டூசி சுவரைப் பார்த்துக்கிட்டே, "போர்டுல இருக்கறதை எழுதும்போது நம்பர் மாறிடுதும்மா"ன்னா.

"கவனம் இருந்தா ஏன்டி மாறுது? கண்ணு கெட்டுப் போச்சா?"

"கண்ணுல ஒண்ணும் இல்லக்கா, நானே டெஸ்ட் பண்ணினேன்"னு நான் வேற எடுத்துக் குடுத்தேன். அவ்ளோதான், ராத்திரி வரைக்கும் திட்டு வாங்கினா புள்ள.

மறுநாள் பெரிய மேடம் போட்டோ கேட்டாங்க. கோப்பை வாங்கின கிளாஸ் புள்ள ஒண்ணு சார்ட் படிக்கிற மாதிரி. மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கிறவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமேன்னு குண்டூசியைக் கூப்பிட்டேன். அவசர அவசரமா சார்ட்டை மாட்டிட்டு போனைத் தூக்கினேன்.

"ம், சத்தமா படி. நடிப்பு வேணாம்."

"நடிச்சா நீங்க சம்பளமா தரப் போறீங்க, சித்தி?"ன்னு சொல்லிட்டு, இங்கிலீஷ் எழுத்தெல்லாம் கடகடன்னு படிச்சா. ஒண்ணுகூட தப்பில்ல.

போன் ஸ்கிரீன்ல குடை இருந்துச்சு. குடைக்குக் கீழ வீடு, கப்பு, மீனு.

சார்ட்டைத் திருப்பி மாட்டியிருக்கேன்! அது எழுத்து தெரியாத சின்னப் புள்ளைங்களுக்கான படப் பக்கம்.

போனைக் கீழ இறக்கினேன். "குண்டூசி, அங்க என்ன இருக்கு?"

"சார்ட்டு."

"சார்ட்ல?"

கண்ணை இடுக்கிப் பார்த்தா. "கருப்பா... என்னமோ."

"அப்புறம் எப்படிடி படிச்ச?"

"எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டோம் சித்தி. இன்டர்வெல்ல கிளாஸ் லீடர் ஒவ்வொருத்தரா ஒப்பிக்க வெச்சா." என்னை நிமிர்ந்து பார்த்து, "டெஸ்ட்னா படிச்சுட்டுத்தானே வரணும்?"னு கேட்டா.

நான் பெரிய மேடம் ரூம் பக்கம் திரும்பினேன். அவ என் கையைப் புடிச்சுக்கிட்டா. "சொல்லாதீங்க. என்னாலதான் கோப்பை போச்சுன்னு கிளாஸே பேசாது. ப்ளீஸ் சித்தி."

"சொல்லலைன்னா சி பிரிவுக்குப் போயிடுவடி."

 அவ கையை விடல. நான்தான் ஒவ்வொரு விரலா எடுத்து விட்டேன்.

பெரிய மேடம் முழுசா கேட்டாங்க. "சரி, வேற சார்ட் வெச்சு எல்லாருக்கும் மறுபடி பாருங்க. போர்டை அழிச்சுடுங்க."

"இவளை ஏ-லயே விடுங்க மேடம். கண்ணு தெரியாமதான் மார்க் போயிருக்கு."

"உங்க அக்கா பொண்ணுன்னு விட்டா, நாளைக்கு எல்லா அம்மாவும் என் வாசல்ல நிப்பாங்க. அடுத்த பரீட்சையில மார்க் எடுக்கட்டும், பார்ப்போம்."

"மேடம், தப்பு என்னோடது."

"தெரியுதும்மா. மார்க் அவளோடது."

மறுபடி பார்த்ததுல குண்டூசியோட சேர்த்து இன்னும் கொஞ்சம் பேர் மாட்டினாங்க. இவளுக்குத்தான் ரொம்ப மோசம். நான் கோப்பையைத் திருப்பி வாங்கப் போனப்ப லீடர் அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "கஷ்டப்பட்டு படிச்சோம் மிஸ்"னா. குண்டூசியை அவங்க யாரும் திரும்பிக்கூட பார்க்கல. அக்கா மட்டும் அன்னிக்கு அவளுக்குத் தலை சீவி விட்டா, ரொம்ப நேரம்.

திங்கக்கிழமை அவ பையைத் தூக்கிட்டு சி பிரிவுக்குப் போனா. கண்ணாடி இன்னும் கடையிலிருந்து வரல. முதல் பெஞ்ச் கேட்டு வாங்கிக் குடுத்திருந்தேன், அதுவாச்சும் ஆகட்டும்னு. கணக்கு பீரியட்ல ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். சார் போர்டு முழுக்க எழுதிப் போட்டிருந்தாரு. இவ கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்குறா, எழுதுறா, அடிக்கிறா. அப்புறம் நோட்டைத் தூக்கிட்டு எழுந்து நேரா போர்டுகிட்ட போயிட்டா, மூக்கு இடிக்கிற தூரத்துக்கு.

பின்னாடி சிரிப்பு. "போர்டை முகர்ந்து பார்க்குறா சார்!"னு ஒரு குரல்.

அவ திரும்பவே இல்ல. அங்கேயே நின்னு, ஒவ்வொரு நம்பரா பார்த்துப் பார்த்து எழுதிக்கிட்டிருந்தா.