கூட்ஸ் வண்டியும் என் சம்மதமும்

சூரமங்கலத்து ரயில்வே லைன் வீடுகளில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரயில் போகும்போது பேச மாட்டோம். பாதிச் சொல்லில் ரயில் வந்தாலும் அப்படியே நின்றுவிடுவோம். கடைசிப் பெட்டி போனதும் மீதிச் சொல்லிலிருந்து தொடங்குவோம். என் அப்பா கேட் கீப்பர். என்னை அடிக்கக் கையை ஓங்கும்போது மெயில் வந்தால் ஓங்கிய கையோடு நிற்பார். ஓடித் தப்பிக்கலாம்தான். ஆனால் நானும் அல்லவா நிற்பேன்!

எனக்குப் பதினேழு வயதில், சேந்தமங்கலத்திலிருந்து வெள்ளியங்கிரி என்னைப் பெண் பார்க்க வந்தார். அதற்கு முந்தின தை மாதம் அவர் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அவர் கிணற்றில் எருது பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டுவதைப் பார்த்திருந்தேன். எருதுகளோடு சரிவில் இறங்கினால், கயிற்றில் கட்டிய பெரிய வாளியான சால் தண்ணீரோடு மேலே வரும்; எருதுகளைப் பின்னுக்கு நடத்தினால் சால் கிணற்றுக்குள் இறங்கும். நாளெல்லாம் இதே வேலை. கட்டினால் இந்த மனுஷனைத்தான் கட்டுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வந்தவர் பதற்றத்தில் உட்காரவேயில்லை. கூடத்தில் முன்னே நடந்தார். சுவர் வந்ததும் திரும்பாமல் பின்னுக்கே நடந்தார். அம்மா காப்பி டம்ளரோடு அவர் கூடவே முன்னும் பின்னும் போய்வந்தாள். ஐயோ, எனக்கு அவர்மேல் எவ்வளவு ஆசையாக இருந்தது!

அவர் தாய் வள்ளியாத்தாள் நேரடியாகக் கேட்டாள்.

"ஏஞ்சாமி, போன வருசம் பாத்த டவுன் புள்ள, காட்டு ஊடு வேண்டாம்னு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நீயே சொல்லிப்போடு. எம் பையனக் கட்டிக்கச் சம்மதமா?"

"எனக்குங்களா? எனக்குச் சம்..."

கூட்ஸ் வந்தது.

நான் திறந்த வாயோடு நின்றேன். அப்பா நீட்டிய வெற்றிலைத் தட்டோடு நின்றார். அம்மா தூக்கிய காலோடு நின்றாள். கேட்ட கேள்விக்கு மூன்று பேரும் இப்படிச் சிலையாய்ச் சமைந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வள்ளியாத்தாளின் முகம் சுண்டிப்போயிற்று. மகன் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

இன்னும் பாதி கூட்ஸ் பாக்கி இருந்தது. அது முடிவதற்குள் அவர்கள் மாட்டு வண்டி கிளம்பிவிடும். எனக்கானால் தாடை பூட்டிக்கொண்டது. போகிறாரே, போகிறாரே என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. வெட்கமாவது மானமாவது என்று தெருவுக்கு ஓடி, வள்ளியாத்தாளின் தோளைப் பிடித்துத் திருப்பி, அவள் காதுக்குள் அலறினேன்.

"சம்மதமுங்க! நூறு தரம் சம்மதமுங்க! உங்க பையனத்தானுங்க கட்டிக்குவேன்!"

கடைசிப் பெட்டி போயிற்று. வள்ளியாத்தாள் காதைத் தேய்த்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள். வெள்ளியங்கிரி தெருவிலேயே முன்னும் பின்னும் நடக்க ஆரம்பித்துவிட்டார். லைன் வீட்டு வாசல்களில் மட்டும் எல்லாரும் வாயில் கை வைத்து என்னையே பார்த்தார்கள்.

அப்பா அவமானத்தில் குன்றிப்போய் வந்தார்.

"மன்னிச்சுப்போடுங்க சம்பந்தி," என்றார். "ரயிலு போகையில பேசற புள்ளையா இவள நாங்க வளக்கலீங்க."