கடைசிப் பெயர்

மங்களேஸ்வரியின் சமையலறையில், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே, பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகிற கதவு இருந்தது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் எல்லோர் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. பல்கலைக்கழகம் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. தினமும் பஸ் ஏற முடியாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. எதிர்வீட்டு இயற்பியல் வாத்தியாருக்குக் கதவு குளியலறையில் அமைந்துவிட்டது. அவர் பாடு இன்னும் திண்டாட்டம்.

அன்று மாலை ஐந்து மணியோடு அவளுடைய பதிவு முடிகிறது. சேற்று நண்டுக்குக் கால் விழுந்து மறுபடி முளைப்பதைப் பற்றி ஆறு வருடமாக எழுதியிருந்தாள். எல்லாம் தயார், ஒரு பக்கம் தவிர. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றின் இருநூற்றுப் பதினான்காம் பக்கம். அதை இணைக்காமல் ஆய்வேட்டை வாங்கமாட்டோம் என்று கடிதம் போட்டிருந்தார்கள். வாங்காவிட்டால் ஆறு வருடமும் ஆற்றில் கரைத்த புளி. கல்லூரி வேலையும் கையை விட்டுப் போகும்.

"மூணு மணியாச்சு" என்றான் அவள் புருஷன் சந்தனவேல், ரசத்துக்குச் சோற்றைப் பிசைந்தபடி. அவன் சொல்லித்தான் மணி தெரியவேண்டும் என்பதுபோல.

அவள் ஆய்வேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போனாள்.

உள்ளே ஒரு நடைபாதை. வாசலில் ஸ்டூல் போட்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் நான்கு பேனா. ஒன்றுக்கும் மூடி இல்லை.

"எந்த ஊரு?" என்றார்.

"பரமக்குடி."

"அதக் கேக்கல. எந்த ஊரு?"

அவள் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னாள்.

"அப்படிச் சொல்லுங்க. அங்க போயி, இது நம்ம ஆளுதான்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்க. நானூறு நூலகமும் தெறக்கும். ஒரே கையெழுத்து, எல்லாக் கதவும்."

"என்னப் பாத்தா நம்பிக்கை இல்லையா?"

"நாங்க யாரையும் நம்புறதில்லம்மா. ஊரத்தான் நம்புறோம்."

நடைபாதைச் சுவரில் உலகத்துப் பல்கலைக்கழகங்களின் பெயரெல்லாம் எழுதியிருந்தது. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஒரு ஜன்னல். அவள் நடக்க நடக்க நடைபாதையும் நீண்டது, புதுக் கல்லூரிகள் வந்துகொண்டே இருந்ததால். அவள் தாண்டும்போதே இரண்டு பொறியியல் கல்லூரிகளுக்குத் திறப்புவிழா நடந்தது. ஒன்றில் சந்தனமும் கற்கண்டும் கொடுத்தார்கள். கையை நீட்டாமல் போனால் மரியாதையாக இருக்காது என்று வாங்கிக்கொண்டாள். அதில் பத்து நிமிடம் போயிற்று.

அவளுடைய பல்கலைக்கழக ஜன்னலில் செல்வராணி உட்கார்ந்திருந்தாள். விடுதியில் மூன்று வருடம் இருவருக்கும் ஒரே அறை, ஒரே கண்ணாடி. மங்களேஸ்வரிக்கு உயிர் வந்தது.

"செல்வி, ஒரு சீட்டு வேணும். அவசரம்."

"கடைசிப் பேரு?"

"என்ன தெரியலையா ஒனக்கு?"

"எனக்குத் தெரியும் மங்களம். எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? கடைசிப் பேரச் சொல்லு."

"எனக்கு இருக்கிறதே ஒரு பேருதான்."

"ஃபாரத்துல ரெண்டு இருக்கு." செல்வராணி தாளைத் திருப்பிக் காட்டினாள்.

ஆறு வருடம் முன்னால் அவளே நிரப்பிய படிவம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். அப்பாவின் இனிஷியல் 'இ'. அதைக் கடைசிப் பெயர் கட்டத்தில் போட்டாள். ஓர் எழுத்தைப் பெயராக ஏற்க இயலாது என்றது படிவம். புள்ளி வைத்துப் பார்த்தாள். அதற்கும் மறுத்தது. சனியன் தொலையட்டும் என்று அப்பாவின் பெயரை முழுசாக எழுதினாள். இருளாண்டி. நம்மில் பாதிப் பேர் செய்கிற வேலைதான், ஒருவரும் அப்புறம் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

"இருளாண்டி உள்ள போயிட்டாகளே" என்றாள் செல்வராணி. "காலையில ஒம்பது மணிக்கே."

"அப்பா செத்துப் பதினோரு வருஷமாச்சு செல்வி."

"அந்த விவரம் எங்களுக்கு வராது. உறுப்பினரா, இல்லையா. அது மட்டும்தான் வரும்."

"அவகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவாக."

"அது ஒண்ணுதான் வேணும்."

மங்களேஸ்வரி கோபத்தில் கையை இறுக்கி மூடினாள். கற்கண்டு கையில் பிசுபிசுத்தது.

"ஒரு பேருக்கு ஒரு ஆளுதான் உள்ள இருக்கலாம்" என்றாள் செல்வராணி. மேசையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. "சொல்லு, அவகள வெளியேத்திருறேன். நீ போ."

"வெளியேத்துனா?"

"ஒரு எடத்துல வெளியேறுனா எல்லா எடத்துலயும் வெளியேறுனதுதான். ஒரே கையெழுத்துன்னா அப்படித்தான்."

"எல்லா எடமும்னா எது?"

செல்வராணி பட்டியலை எடுத்து வாசித்தாள். "நானூறு நூலகம். ஒன் பிறப்புச் சான்றிதழ். ஹால்ல மாட்டியிருக்கிற போட்டோ. ஒன் இனிஷியல். ஒன் மூக்கு."

மங்களேஸ்வரி மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். அப்பாவின் மூக்குதான்.

"வேண்டாம்" என்றாள். அப்போது மணி நாலு. "அப்பாவப் பாக்கவாச்சும் விடு."

"கண்ணாடி வழியாப் பாரு. பாக்குறதுக்குச் சீட்டு வேண்டாம்."

ஜன்னலுக்குப் பக்கத்துக் கண்ணாடிக்கு அப்பால் வாசிப்பறை. அதில் ஒரே ஓர் ஆள். ஐஸ் கம்பெனி காக்கிச் சட்டையில் அப்பா உட்கார்ந்திருந்தார். அந்தக் கம்பெனியில் நாற்பது வருடம் காவல் இருந்தவர். தினமும் வருகைப் பதிவேட்டில் ஐந்து எழுத்துப் போடுவார். வேறு எழுத்து அவருக்குத் தேவைப்படவில்லை. இப்போது முன்னால் தடிப் புத்தகங்கள் திறந்து கிடந்தன. ஒவ்வொரு பக்கத்தையும் மரியாதையாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

கண்ணாடியில் பேசுவதற்கு ஒரு துளை இருந்தது.

"அப்பா."

"சாப்ட்டியா தாயி?"

"சாப்ட்டேன்." சாப்பிடவில்லை. "எனக்கு ஒரு பக்கம் வேணும்ப்பா. ரெண்டு, ஒண்ணு, நாலு."

எண்கள் அவருக்குத் தெரியும். ஐஸ் பாளங்களை எண்ணிப் பழக்கம். மூன்றாவது புத்தகத்தில் கண்டுபிடித்துவிட்டார். அட்டைப்படத்தில் நண்டு இருந்தது.

"வெளிய குடுக்கக் கூடாதாம்" என்றார். "எழுதிப் போட்டிருக்கு போல."

"பாத்து எழுதிக் குடுங்கப்பா."

ஒரு தாளை இழுத்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதும் அப்படித்தான் கடிப்பார். மங்களேஸ்வரிக்கு அழுகை வந்தது. அவளுக்காக அப்பா என்னென்னவோ செய்திருக்கிறார், எழுதியதில்லை. சுவர்க்கடிகாரம் நாலு பத்திலிருந்து நேராக நாலு ஐம்பதுக்குப் போனது.

தாளைச் சுருட்டித் துளை வழியாக நீட்டினார். "சரியா இருக்கா பாரு."

பிரித்தாள். தலைப்பு தலைப்பின் இடத்தில் இருந்தது. அட்டவணையில் பதினாறு வரிசை, அடிக்குறிப்பு இரண்டு. ஒரு காற்புள்ளிகூட விடுபடவில்லை. எல்லாம் ஐந்து எழுத்தில் இருந்தது. இருளாண்டி இருளாண்டி இருளாண்டி. அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் சின்னதாக ஓர் இருளாண்டி.

"சரியா இருக்குப்பா" என்றாள்.

வேறு என்ன சொல்வது? ஆய்வுப் பிரிவு ஜன்னலுக்கு ஓடினாள். ஐந்து அடிக்க இரண்டு நிமிடம். அங்கே இருந்த அலுவலர் ஆய்வேட்டைத் திறக்கவே இல்லை. இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தை மட்டும் எடுத்து, ஐஸ் கம்பெனியின் பழைய வருகைப் பதிவேடு ஒன்றின் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"கையெழுத்து ஒத்துப்போவுது" என்று முத்திரை குத்தினார். "வாழ்த்துகள், டாக்டர் இருளாண்டி."

"சார், நான் மங்களேஸ்வரி."

"அதையும் போட்டிருக்கமே." சான்றிதழைத் திருப்பிக் காட்டினார். முனைவர் ம. இருளாண்டி. புள்ளியைப் பேனாவால் தொட்டார். "இதுதான் நீங்க."

அவளுக்குக் கேட்க நிறைய இருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

திரும்பும்போது வாசிப்பறையைப் பார்த்தாள். காக்கிச் சட்டை இல்லை. அவள் கட்டியிருந்த அதே பச்சைப் புடவையில் ஒரு முதுகு தெரிந்தது. குனிந்து படித்துக்கொண்டிருந்தது. துளையில் வாய் வைத்துக் கூப்பிடலாம் என்று நினைத்தாள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

ஸ்டூல்காரர் இந்தத் தடவை ஊர் கேட்கவில்லை. எழுந்து வழிவிட்டார்.

சமையலறையில் சந்தனவேல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கதவு திறந்ததும் சொம்பை வைத்துவிட்டு எழுந்து நின்றான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவளைப் பார்த்து அவன் எழுந்து நின்றதில்லை.

"வாங்க மாமா" என்றான். "மங்களத்த எங்க? அஞ்சு மணியாயிருச்சே."

அவள் தன் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தாள். எழுத்துகள் ஐந்துதான் புரிந்தன. மற்றதெல்லாம் பூச்சி ஊர்ந்த தடம்போல இருந்தது.

"உள்ள இருக்கா" என்றாள்.

"பக்கம் கெடச்சுச்சாமா?"

"கெடச்சிருச்சு."

"பெறகென்ன, வரவேண்டியதுதான?"

"படிக்கத் தெரிஞ்ச புள்ள மாப்ள. வர நேரமாகும்."

சந்தனவேல் தலையை ஆட்டினான். பிறகு அவளுக்கு ஒரு தட்டை எடுத்து வைத்து, சோற்றைப் போட்டான்.