பெட்டியை அடைக்க வந்த இசை

"சரிங்க" என்று சொல்லிச் சொல்லி ஞானசௌந்தரிக்கு அந்த வார்த்தையே சலித்துப்போயிருந்தது. ஆனாலும் வாயில் அதுதான் வந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த கைலாசநாதன் காரைக்கால் செர்க்கிளின் காரியதரிசி. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் அவர்களை ஒட்டி உறவாடிய உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் சீட்டாடவும் ஆட்டம் போடவும் வைத்திருந்த மன்றத்துக்குத்தான் செர்க்கிள் என்று பெயர். போன நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். நாற்காலிகளும், சுவரோரமாக ஒரு பியானோவும், கைலாசநாதனும் மிஞ்சினார்கள். அடுத்த மாதம் கட்டடம் சர்க்கார் ஆபீசாகிறது, பியானோ புதுச்சேரிக்குப் போகிறது. அதற்குள் ஒரு சாயங்காலம் கச்சேரி வைத்துக்கொள்கிறேன் என்று கேட்கத்தான் அவள் வந்திருந்தாள்.

"தாராளமா வாசிங்க மத்மசேல். ஆனா இதுல ஒரு பேரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லையே" என்றார் அவர், அவள் எழுதிக்கொண்டுவந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்து.

"யாரும் கேள்விப்பட்டதில்லைங்க, முசியே. அதுக்காகத்தான் வாசிக்கணும்னு."

ஐம்பது தாண்டியும் கல்யாணமாகாததால் ஊருக்கு அவள் இன்னும் மத்மசேல்தான். உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தே காலம் போயிற்று. செர்க்கிளில் எந்த விசேஷமானாலும் வாசிப்பது அவள்தான். ஆட வேண்டும் என்றால் ஆட்டத்துக்கு வாசித்தாள், கவர்னர் வந்தால் கவர்னருக்குப் பிடித்ததை வாசித்தாள். உனக்கு எதை வாசிக்க ஆசை என்று ஒரு மகராசனும் கேட்டதில்லை.

இசை எழுதிய அந்தப் பெயர் தெரியாதவர்கள் அவளிடம் வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. பிரான்சில் ஒரு கடைக்கு எழுதி, புது ஆட்ட மெட்டுகள் அச்சிட்ட இசை நோட்டுகளைச் செர்க்கிள் வரவழைக்கும். பெட்டி கப்பலில் குலுங்காமலிருக்க, விற்காமல் கிடந்த நோட்டுகளைக் கசக்கி அந்தக் கடைக்காரன் ஓரங்களில் திணித்து அனுப்புவான். ஆட்ட மெட்டுகளைச் செர்க்கிள் அலமாரியில் வைத்தார்கள். கசங்கியதை அவள் வீட்டுக்கு எடுத்துப்போய் நீவி, தலையணைக்கடியில் வைத்து நேராக்கினாள். பாதி ஒன்றுக்கும் உதவாது. மீதியில் சில அவளைத் தூங்கவிடாமல் செய்தன.

அதிலும் எலீஸ் மொரான் என்பவள் எழுதிய ஒன்று. அட்டையில் பெயருக்குக் கீழே 'பியானோ ஆசிரியை' என்றும் ஏதோ ஒரு சிற்றூரின் பெயரும் போட்டிருந்தது. அவ்வளவுதான் தெரியும். தன்னைப் போலவே எவர் வீட்டுப் பிள்ளைகளுக்கோ விரல் பிடித்துக்கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒன்றை எழுதி அச்சடித்து, அது விலைபோகாமல் பெட்டியை அடைக்கப் போனவள். அந்த ஒன்றாவது நாலு பேர் காதில் விழவேண்டும் என்பது ஞானசௌந்தரியின் ஆசை. இந்தப் பியானோ போய்விட்டால் ஊரில் வேறு பியானோ கிடையாது.

"ஜனம் வரணுமில்ல? நடுவுல ரெண்டு வால்ஸ் ஆட்ட மெட்டு வைங்க. இந்த ரெண்டு பேரை எடுத்துடுவோம்" என்றார் கைலாசநாதன்.

"சரிங்க" என்றாள்.

ஜனம் வரவேண்டுமானால் நெய்னா முகம்மது மரைக்காயர் வரவேண்டும். அவர் வந்தால் கடைத்தெருவே வரும். வெயிலில் நடந்து அவருடைய மண்டிக்குப் போனாள். சைகோனில் வியாபாரம் செய்து திரும்பியவர், நல்ல மனுஷர், உட்காரவைத்துச் சர்பத் கொடுத்தார்.

"இன்ஷா அல்லாஹ் வர்றேன் டீச்சரம்மா. பெட்ரோமாக்ஸும் அனுப்புறேன். சைகோன்ல ஒரு ஓட்டல்ல தினம் ஒண்ணு வாசிப்பான். அதை வாசிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, மேசையில் தாளம் போட்டு முனகியும் காட்டினார். அது என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்தது. தெரியாமலிருந்திருந்தால் தேவலை.

"சரிங்க, வாசிக்கிறேன்" என்றாள். அதற்கு இடம்விட நிரலிலிருந்து இன்னும் இரண்டு பெயர்கள் போயின.

மிச்சமிருந்ததையும் பாலகுரு முடித்துவைத்தான். அவன் புது அதிகாரியின் குமாஸ்தா. செர்க்கிளுக்கே வந்து, கைலாசநாதனையும் அவளையும் வைத்துக்கொண்டு பேசினான்.

"அதிகாரி அரைமணி நேரம் இருப்பாருங்க. ஆனா இந்த நேரத்துல பிரெஞ்சுக்காரங்க பேரெல்லாம் எதுக்குங்க? யாராவது எதையாவது கிளப்பிவிடுவாங்க. கடைசில நம்ம தேசிய கீதம் கண்டிப்பா இருக்கணும். எல்லாரும் எந்திரிக்கணும்."

கைலாசநாதனுக்குச் சுருக்கென்றது. "எந்திரிக்கிறதுக்கு எங்களுக்குச் சொல்லித் தரணுமாக்கும்? முப்பது வருஷமா கடைசி உருப்படிக்கு எந்திரிச்சுப் பழகின கால் தம்பி இது. அப்ப அவங்க கீதம், இப்ப நம்ம கீதம். நான் எந்திரிச்சா பின்னாடி அத்தனை பேரும் எந்திரிப்பாங்க."

"புது கீதம் தெரியுங்களா?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாடித் தூரத்துல கேட்டிருக்கேன். பியானோவுல எப்படி வரும்னு மத்மசேலுக்குத்தான் வெளிச்சம்."

 எலீஸ் மொரானின் பெயர்மேல் பாலகுருவின் பென்சில் கோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போட்டிருக்கலாம். உடம்பில் தெம்பில்லை. வீட்டுக்குப் போய் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, இந்தக் கச்சேரியே வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். அதைச் சொல்லப் போகவும் நடக்கவேண்டுமே என்று விட்டுவிட்டாள்.

கச்சேரியன்று கூடம் நிரம்பி வழிந்தது. பியானோ சுவரைப் பார்த்து நின்றதால் அவள் முதுகைத்தான் ஜனங்கள் பார்த்தார்கள். வால்ஸ் வாசித்தாள். கைதட்டினார்கள். மரைக்காயரின் சைகோன் பாட்டுக்கு விசில்கூடப் பறந்தது. நடுவில் வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. அதிகாரியும் பாலகுருவும் போய்விட்டார்கள் என்று புரிந்துகொண்டாள். கடற்காற்றின் ஈரத்தில் ஒரு கட்டை அழுத்தினால் எழும்ப மறுத்தது. அதை ஒவ்வொரு தடவையும் சுண்டுவிரலால் நெம்பிவிட்டபடி வாசித்து முடித்தாள்.

நிரலில் இனி தேசிய கீதம்தான் பாக்கி. அவள் கையைத் தூக்கினாள். தூக்கியது அப்படியே நின்றது. ஒரு நாலு நிமிஷம் பொறுத்து அதை வாசித்தால் யார் கேட்கப்போகிறார்கள்? தலையை வாங்கிவிடுவார்களா? நோட்டு வீட்டில் இருந்தது. ஆனால் விரல்களுக்கு நோட்டு தேவைப்படவில்லை. எலீஸ் மொரானை மெதுவாக ஆரம்பித்தாள்.

இரண்டு வரி போவதற்குள் பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு இன்னொன்று. பிறகு கூடம் முழுக்கக் கரகரவென்று நாற்காலிகள் நகர்ந்தன.

எழுந்து போகிறார்கள். அதிகாரி போயாயிற்று, கேட்ட பாட்டைக் கேட்டாயிற்று, இனி என்ன?  கோபம் வரவேண்டிய இடத்தில் அலுப்புதான் வந்தது. போகட்டும் என்று நினைத்தாள். காலிக் கூடத்தில் யாருக்கும் நல்ல பிள்ளையாக இருக்கத் தேவையில்லை. முதுகு நிமிர்ந்தது. நடுவில் ஓரிடத்தில், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவள்போல எலீஸ் மொரான் நிறுத்தியிருப்பாள். அங்கே ஞானசௌந்தரி அவசரப்படாமல் நின்றாள். எழும்பாத கட்டையும் அன்றைக்கு எழும்பியது. கடைசி சுரம் அடங்கும்வரை கையை எடுக்காமலிருந்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போகலாம் என்று திரும்பினாள்.

ஒருவரும் போயிருக்கவில்லை.

அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். முன்வரிசையில் கைலாசநாதன், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து, நெட்டுக்குத்தாக. அவர் பக்கத்தில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நெய்னா முகம்மது மரைக்காயர். அவருக்குப் பின்னால் கடைத்தெரு மொத்தமும் அசையாமல் நின்றது.

கைலாசநாதன் குரலைத் தணித்துக் கேட்டார். "நம்ம கீதம் இவ்வளவு நல்லா இருக்கும்னு தெரியாது மத்மசேல். ஆனா கொஞ்சம் நீளமா இருக்கே?"

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும், சிரிப்பு வரும் என்று பார்த்தால் கண்தான் நிறைந்தது.

"இது கீதமில்லைங்க. எலீஸ் மொரான்னு ஒரு அம்மா எழுதினது. அவங்களும் என்னைப் போல டீச்சர்."

கைலாசநாதன் பின்னால் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே உருட்டினார். "அப்ப நாங்க தப்பா எந்திரிச்சிட்டமா?"

"தப்பில்லைங்க" என்றாள். "அந்த அம்மாவுக்காக இதுவரைக்கும் ஒருத்தரும் எந்திரிச்சிருக்க மாட்டாங்க."

யாரோ உட்காரப் போனார்கள். மரைக்காயர் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் நிமிர்ந்துகொண்டார்கள்.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க. நம்ம கீதம் இன்னும் இருக்கு" என்றாள் ஞானசௌந்தரி. அந்தக் கூடத்தில் அவள் யார் அனுமதியும் கேட்காமல் ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சரிங்க" என்றார் கைலாசநாதன்.