ஐந்தாவது ஆளின் புள்ளிகள்

எங்கள் குழுவில் ஐந்து பேர். ஜூன் 26க்குப் பிறகு நான்கு பேர். அட்டவணையில் அந்த ஐந்தை மட்டும் நான் திருத்தவில்லை. நடந்ததெல்லாம் அதனால்தானா என்று தெரியாது. தேதி வாரியாக எழுதிப் பார்த்தால் எங்கே பிசகினேன் என்று தெரியலாம்.

பகலில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் கன்டெய்னர் எண்களை டைப் செய்கிறேன். மாலை ஆறு முதல் எட்டு வரை, பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் மென்பொருள் திட்டமிடல் வகுப்பு. நடத்துவது சண்முகசுந்தரி மிஸ். பாடத்தோடு ஒரு நிஜ வேலையையும் முடித்துக் காட்ட வேண்டும். புன்னைக்காயல் மீனவர்களின் வள்ளங்களுக்கு ஒரு ஆப் செய்வதென்று முடிவெடுத்தோம். கடலுக்குக் கிளம்பும்போது ஒரு பட்டன், கரைக்கு வந்ததும் ஒரு பட்டன். யோசனை வளனுடையது. அவன் புன்னைக்காயல்காரன். காலையில் கடலுக்குப் போய்விட்டு மாலையில் பஸ் பிடித்து வகுப்புக்கு வருவான். உட்கார்ந்தால் உப்பு வாடை வரும்.

மிஸ் கற்றுக்கொடுத்த முறை இது. ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதி, அது எவ்வளவு கடினம் என்று புள்ளி போட வேண்டும். 0, 1, 2, 3, 5, 8, 13 என்று எழுதிய அட்டைகள் ஆளுக்கு ஒரு கட்டு. மனதில் தோன்றும் எண்ணைக் கவிழ்த்து வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். சுழியம் காட்டினால், அந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு வாரத்தில் எத்தனை புள்ளி முடிக்கிறோமோ, அதுதான் எங்கள் வேகம். அடுத்த இரண்டு வாரத்துக்கும் அவ்வளவுதான் ஏற்க வேண்டும், ஆசைக்கு ஏற்கக் கூடாது.

மிஞ்சிய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டைகள் செய்தேன். நான்கு கட்டுக்கு நான் எழுதினேன். வளன் மட்டும் தன்னுடையதைத் தானே எழுதிக்கொண்டான். சுழியத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு இழுத்திருந்தான்.

மே மாதம், வளன் எழுதிய சீட்டு ஒன்று வந்தது. 'சொன்ன நேரத்துக்கு வள்ளம் திரும்பாவிட்டால் வீட்டுக்கு எச்சரிக்கை.' அவன் காட்டியது 8. நான் 13. கடலில் சிக்னல் கிடைக்காது, சோதிப்பது கஷ்டம் என்று நான்தான் வாதாடினேன். சீட்டு பட்டியலின் அடிக்குப் போனது.

"சரி, கடைசியா பாத்துக்கிடுவோம்," என்றான் வளன். கோபப்படவில்லை.

ஜூன் 26 வியாழக்கிழமை, கூடப் போகும் மாமனுக்குக் காய்ச்சல் என்று வளன் கடலுக்குத் தனியாகப் போனான். மத்தியானம் இரண்டு மணிக்கு வந்துவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். வராததும், வேறு கரையில் ஏறியிருப்பான் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். தேடக் கிளம்பியது மறுநாள் சாயங்காலம். வள்ளமும் கிடைக்கவில்லை.

அடக்கத்துக்கு உடல் இல்லாததால் மாதா கோயிலில் பூசை மட்டும் நடந்தது. வளனின் அம்மா இசபெல்லா மாமியிடம் நான் சொன்னேன்: "ஆகஸ்ட் பதினெட்டு ஊர்க் கமிட்டிக்கு ஆப்பக் கொடுக்கணும் மாமி. அன்னைக்கு அந்த எச்சரிக்கை வேலை செய்யும். இனி ஒரு அம்மாவும் இப்படி ரெண்டு நாள் தெரியாம இருக்க மாட்டாங்க." நான் கொடுத்த முதல் வாக்கு அது. மதிப்பீடு வேறு, வாக்கு வேறு என்று மிஸ் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

ஜூலை 19. இரண்டு வாரக் கணக்கை முடித்தேன். ரெக்சன் 5, விஜிலா 3, அனந்தபத்மநாபன் 5, நான் 2. கூட்டினால் 15. போர்டில் முடிந்த பக்கம் 20 இருந்தது. நான்கு முறை கூட்டினேன். எனக்குக் கூட்டத் தெரியாது என்றே முதலில் நினைத்தேன்.

கூடுதல் சீட்டு, 'கரை திரும்பியதைப் பதிவது', ஐந்து புள்ளி.

"இத யாரு முடிச்சா?"

"நீன்னுலா நெனச்சேன்," என்றான் ரெக்சன்.

"நானா? ரெண்டு புள்ளிக்கே ரெண்டு வாரம் ஆச்சு."

"அனந்துவா இருக்கும்," என்றாள் விஜிலா. "அவன் ஊரு ஸ்ரீவைகுண்டத்துலேருந்து பெருமாள் வந்து செஞ்சு குடுத்திருப்பாரு."

"பெருமாளுக்கு வேற வேலை இல்லையாக்கும்," என்றான் அனந்தபத்மநாபன். அந்தச் சீட்டுக்கான புரோகிராமைத் திறந்து பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. "நல்லா எழுதியிருக்கு. நாம யாரும் இப்படி எழுத மாட்டோம்."

நாங்கள் எல்லோரும் ஒரே வகுப்புக் கணினியில் ஒரே பெயரில் நுழைகிறவர்கள். யார் எழுதியது என்று பார்க்க வழியில்லை. என் அட்டவணையைத் திறந்தேன். ஆட்கள்: ஐந்து. எதிர்பார்க்கும் வேகம்: 20. வளனின் பெயரை அழிக்க மனம் வராமல் விட்டிருந்தேன். அட்டவணை எதிர்பார்த்தது வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஜூலை 31. எந்தெந்த வள்ளம் சேரும் என்று பட்டியல் எடுக்க ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் புன்னைக்காயல் போனேன். முப்பத்து நான்கு வள்ளங்கள். திரும்பும் வழியில் இசபெல்லா மாமி கூப்பிட்டார். முகம் தெளிவாக இருந்தது. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

"ஏளா ஜெப்ஸி, நீங்க அனுப்புத மெசேஜ் தெனமும் வருது. நல்லாயிருப்ப."

"எந்த மெசேஜ் மாமி?"

போனை நீட்டினார். 'வளன். கரை திரும்பவில்லை. மீதம் 14 நாள்.' மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. முந்தின நாள் 15. சனிக்கிழமை 18, ஞாயிறு எதுவும் இல்லை, திங்கள் 17. முதல் மெசேஜ் ஜூன் 27, அதில் 43.

ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அதனால் என் அட்டவணையிலும் ஞாயிறு வேலை நாள் இல்லை. விரல் விட்டு எண்ணினேன். ஆகஸ்ட் 15 மாதா திருநாள், அதையும் நான் விடுமுறை என்று குறித்திருந்தேன். அதைக் கழித்தால்தான் 18ஆம் தேதி சுழியம் வரும். அந்த விடுமுறையை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"பதினெட்டாம் தேதி வந்துருவான், என்ன?" என்றார் மாமி.

எச்சரிக்கையை நாங்கள் இன்னும் எழுதவே ஆரம்பிக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "தெரியல மாமி" என்றுதான் வந்தது. மெசேஜ் வந்த எண் எங்கள் சோதனை எண். அந்த சிம் கார்டு, எந்தப் போனிலும் போடாமல், அட்டைப் பெட்டிக்குள் வளனின் கட்டோடு கிடந்தது. வகுப்புக்கு வந்ததும் மற்றவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, எடுத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. மழைக்கு ஒழுகும் மாடி அது, ஆனால் ஒரு மாதமாக மழை இல்லை.

ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. கடைசி இரண்டு வாரத்துக்கான திட்டம். மீதம் 20 புள்ளி. அதில் எச்சரிக்கையும் இருந்தது.

"உங்க வேகம் என்ன?" என்றார் மிஸ்.

"இருபது மிஸ்," என்றான் ரெக்சன். "வளன் போன பெறகும் மூணு தடவையும் இருபது வந்திருக்கு. அவன் செய்வான் மிஸ். அவனுக்கு நாள் தெரியும்."

"ஏலே, பயமா இல்லையா ஒனக்கு?" என்றாள் விஜிலா.

"பயமாத்தான் இருக்கு. எங்க அண்ணன் அமலன் வள்ளமும் அந்த முப்பத்து நாலுல இருக்கு. செய்யலன்னாத்தான் பயம்."

மிஸ் என்னைப் பார்த்தார். அட்டவணை என்னுடையது.

இருபது என்று எழுதினால் எல்லாம் முடியும் என்று எனக்கும் தோன்றியது. எப்போதும் போல, நான் நினைப்பது தப்பாக இருக்கலாம் என்றும் தோன்றியது. மே மாதம் எவ்வளவு உறுதியாக 13 காட்டினேன்! ஆனால், வராத ஒருவன் வந்து செய்வான் என்று நம்பி முப்பத்து நாலு வீட்டுக்கு எப்படி வாக்குக் கொடுப்பது? வளன் பெயருக்கு எதிரே வேலை நேரம் 0 என்று போட்டேன். பெயரை அழிக்கவில்லை.

"பதினஞ்சு மிஸ். வானிலைப் பக்கத்த விட்டுருவோம், அது அஞ்சு. எச்சரிக்கையத்தான் முதல்ல எடுக்கணும்."

அதற்குப் புதிதாகப் புள்ளி போட்டோம். நான்கு பேர் கவிழ்த்தோம். திருப்பினோம். ரெக்சன் 8, விஜிலா 8, அனந்தபத்மநாபன் 8, நான் 8. மேசை நடுவே ஐந்தாவதாக ஓர் அட்டை நிமிர்ந்து கிடந்தது. சுழியம். குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

யாரும் அதைத் தொடவில்லை. கீழே உப்பு லாரி ஒன்று போனது. மேசை அதிர்ந்தும் அட்டை அசையவில்லை.

"முடிஞ்சிருச்சுங்கான்," என்றான் ரெக்சன், மெதுவாக.

"முடிஞ்சதா இல்லையான்னு சோதிச்சாத்தான் தெரியும்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நாம நாலு பேரும் நம்ம கையால எழுதுவோம். எட்டு."

பதினான்காம் தேதி எழுதி முடித்தோம். பதினாறாம் தேதி அமலன் அண்ணனின் வள்ளத்தை ஆற்று முகத்துவாரத்தில் வேண்டுமென்றே தாமதமாக்கிச் சோதித்தோம். நேரம் தாண்டிய மூன்றாவது நிமிடம் அவர் வீட்டுப் போன் அடித்தது. என் வாழ்க்கையில் நான் போட்ட திட்டம் ஒன்று சொன்ன நாளில் முடிந்தது அதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 18, திங்கள். புன்னைக்காயல் கரையில் கணினியோடு உட்கார்ந்திருந்தேன். விடியும் முன்னால் முப்பத்து நான்கு வள்ளங்களும் பட்டனை அழுத்திவிட்டுப் போயின. எல்லோரும் சொன்ன நேரம் மத்தியானம் இரண்டு. ஒன்றரைக்குள் ஒவ்வொன்றாக வந்தன. அமலன் அண்ணன் வலையை இறக்கிக்கொண்டே, "ஏளா, எங்கள நம்பாம இங்கன ஒக்காந்திருக்கியா?" என்றார். இரண்டு மணி ஆனது. எந்த வீட்டுப் போனும் அடிக்கவில்லை.

திரையைப் பார்த்தேன். சென்றவை 34. திரும்பியவை 35.

ஒரே வள்ளம் இரண்டு தடவை அழுத்தியிருக்கும் என்று தேடினேன். இல்லை. கடைசி வரியில் வள்ளத்தின் எண் காலியாக இருந்தது. கிளம்பியது ஜூன் 26. மதிப்பீடு 44 நாள். எடுத்துக்கொண்டது 44 நாள். நேரம் 2.00.

எழுந்து போய் வள்ளங்களை எண்ணினேன். முப்பத்து நான்கு. எனக்கு எண்ணத் தெரியாது என்பதால் திரும்பவும் எண்ணினேன். முப்பத்து நான்குதான். வரிசையின் நடுவே, ஒரு வள்ளம் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். ஏன் விட்டார்கள் என்று கேட்டதற்கு, "விட்டமா?" என்று என்னையே கேட்டார்கள்.

இசபெல்லா மாமி போனைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"இன்னைக்கு மெசேஜ் வரலளா."

"ஆமா மாமி."

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் வரத்தான் இவ்வளவும் செய்தோம். திரையை அவர் பக்கம் திருப்பவில்லை. "போனவங்க எல்லாரும் வந்துட்டாங்க மாமி," என்றேன். அதில் பொய் எது, உண்மை எது என்று இப்போதும் எனக்குப் பிடிபடவில்லை.

அவர் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. "சோறு ஆறிரும்," என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார்.

திரும்பியவை முப்பத்தைந்து என்பது பிழை. நாளை வகுப்பில் அதற்குச் சீட்டு எழுத வேண்டும், புள்ளி போட வேண்டும். சீட்டை எழுதிவிட்டேன். நான் காட்டப்போகிற அட்டையைத்தான் இன்னும் எடுக்கவில்லை.