வாசிக்காமல் விட்ட வரி

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் போத்தலின் மூடியிலிருந்து பிறந்தது. உடைக்காத மூடி. அது உடைந்திருந்தால் நான் இப்போது பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருப்பேன். நீங்களும் வேறு ஏதாவது உருப்படியாக வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

என் பெயர் டோரீன். ஹட்டனில் ஆங்கிலம் படிப்பிக்கும் டீச்சர். எப்போதாவது கதை எழுதுவேன். எழுதுவதைவிட வெட்டுவதில்தான் எனக்குப் பெயர். ஒரு வாக்கியம் சொன்னதையே திருப்பிச் சொன்னால் என் கை சும்மா இருக்காது. இந்தக் கதையில் அந்தக் கையைக் கட்டிப்போட்டிருக்கிறேன். தடுமாறியது, பாதியில் நின்றது, அசட்டுத்தனமாக வந்தது எல்லாம் அடைப்புக்குறிக்குள் அப்படியே கிடக்கும். ஏன் என்று நாலாம் பகுதியில் சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: [மலையைத் தழுவிய மூடுபனி தேயிலைக் கொழுந்துகளை வருடிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில்] போதும். மூடுபனி யாரையும் வருடுவதில்லை. துணியைக் காயவிடாது, சுவரில் பூஞ்சணம் பிடிக்கவைக்கும், உப்புப் போத்தலில் தண்ணீர் விடவைக்கும். இந்தக் கதையில் பனி அழகுக்காக வரவில்லை.

இரண்டாவது: [அந்தோனிமுத்து ஓர் ஏழை. ஆனால் அவனிடம் ஒரு சொகுசுக் கார் இருந்தது.] இது நாடகம். அந்தோனிமுத்து என் கணவர். ஏழையுமில்லை, பணக்காரருமில்லை. அதோடு அவரை ‘அவன்’ என்று எழுத எனக்கு வாய் வரவில்லை, கை எப்படி வரும்?

மூன்றாவது தொடக்கத்தில் அலங்காரம் கிடையாது. எங்களிடம் பதினான்கு வயதான வெள்ளை ஜெர்மன் கார் ஒன்று இருக்கிறது. ஒரு தோட்டத்துத் துரை ஓடிக் கழித்ததை வாங்கினோம். கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகும். டயகம பக்கத்திலிருந்து வட்டவளை வரைக்கும், மணப்பெண் ஏறுவதற்கு அந்தக் கார்தான் வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வருடம் அதற்குப் பெரிய சேர்விஸ் வந்தது. என்ஜின் ஒயிலிலிருந்து பிரேக் ஒயில்வரை எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்று காரே திரையில் சொல்லியது. என் கணவர் கொழும்பிலுள்ள ஏஜென்ட் கம்பனிக்குப் போன் பண்ணி விலை கேட்டார். தொகையை நான் வெட்டவில்லை. அவர் எனக்கே முழுதாகச் சொல்லவில்லை.

“நானே செஞ்சிடுறேன்,” என்றார். “சாமான் மட்டும் கொழும்புல இருந்து எடுப்போம். நீ காரோட இங்கிலீஷ் புத்தகத்த வாசி. அது போதும்.”

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் இதற்குள் அவரை எடைபோட்டிருப்பீர்கள்: காசை மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்ட மனிதர். அப்படி எழுதினால் கதை சுலபமாக ஓடும். ஆனால் அது பொய்.

அவர் வட்டவளையில் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்தவர். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார். பதினொரு வருடம் கொழும்பில் கராஜில் வேலை. என்ஜின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் நோய் என்று சொல்லுவார். தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல்வரை வாசிப்பார். ஆங்கிலம் மட்டும் எழுத்துக்கூட்டவும் வராது. இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் புத்தகத்தைச் சீண்டமாட்டார்கள். இவர் அப்படியில்லை.

“இது கம்பியூட்டர் வண்டி. என் கைய மட்டும் நம்பிச் செய்யக்கூடாது,” என்பார். “புத்தகம் சொல்ற மாதிரியே செய்வோம்.”

புத்தகம் என்றால் என் குரல். நான் ஒரு வரி வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும். அவர் அதைச் செய்து முடித்து “ம்” என்பார். பிறகுதான் அடுத்த வரி.

[கம்பனியில் வேலை செய்பவன் நல்லவனா கெட்டவனா என்று ஒரு பந்தி எழுதினேன். பாதியில் நின்றுவிட்டது.] நேராகவே சொல்லிவிடுகிறேன். என் கணவருக்குக் கையில் இருக்கும் திறமையில் பாதி அவனுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவனிடம் ஒரு தாள் இருக்கும். வரிக்கு வரி டிக் போடவேண்டும். அந்தத் தாளின் நடை நன்றாக இருக்கிறதா, சொன்னதையே சொல்கிறதா என்று அவன் ஒருநாளும் யோசிக்கமாட்டான். நான் யோசித்தேன்.

4

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அவர் காருக்கு அடியில். நான் கவிழ்த்துப்போட்ட பெட்டிமேல், மடியில் புத்தகம். சனிக்கிழமை ஒயில், பில்டர், பிளக் எல்லாம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து வந்து பிரேக்கைத் தொடங்கினோம்.

அந்தப் புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டி எச்சரிக்கும். கண்ணில் படாமல் பார்க்கவும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். கண்ணில் படாமல் பார்க்கவும். இப்படி எழுதும் பிள்ளைக்கு நான் புள்ளி குறைப்பேன். பிரேக் ஒயில் பக்கத்திலும் ஒரு கட்டம் இருந்தது. முதல் வரி கண்ணைப் பற்றியது. ‘பழைய பல்லவிதான்’ என்று நினைத்து முழுக் கட்டத்தையும் தாண்டினேன்.

“வேற ஏதாச்சும் போட்டிருக்கா?” அடியிலிருந்து கேட்டார்.

“அவ்வளவுதாங்க.”

“ம்.”

என் கையைக் கட்டிப்போட்டதற்குக் காரணம் இதுதான்.

5

அடுத்த சனிக்கிழமை. டயகமவில் வினோதா என்ற பெண்ணுக்குக் கல்யாணம். மண்டபம் கீழே யட்டியாந்தோட்டையில், முகூர்த்தம் பத்தேகால். கார் விடியமுன்னமே போய்ப் பெண்ணை ஏற்றிக்கொண்டு, ஏழு முப்பத்தைந்துக்கு எங்கள் வீட்டைக் கடந்தது. வழமைபோல் இரண்டு சின்ன ஹோர்ன். நான் வாசலில் நின்று கையைக் காட்டினேன். பின்கண்ணாடி வழியாகப் பெண்ணின் தலையில் பூ தெரிந்தது.

பிறகு கோழிக்கூட்டுக்கு ஆணி தேடிக் கொட்டகைக்குப் போனேன். தட்டில் பிரேக் ஒயில் போத்தல் ஒன்று இருந்தது. இந்தக் காருக்கு இரண்டு தேவை என்று கொழும்பில் இரண்டு வாங்கினோம். ஒன்று காலி. மற்றதன் மூடி உடைக்கப்படவே இல்லை.

அப்படியென்றால் மிச்சத்துக்கு எதை ஊற்றினார்? குப்பை வாளியைக் கிளறினேன். அடியில் பழைய போத்தல் ஒன்று கிடந்தது. போன வருடம் ஜூன் மழையில் எங்கள் ஆட்டோவுக்கென்று திறந்தது. மூடி தொலைந்து, வாயில் பொலித்தீன் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு ஒரு வருடமாக வைத்திருந்தோம். அதில் அரைவாசி மிச்சமிருந்தது. இப்போது ஒரு சொட்டும் இல்லை.

[எங்கள் வீட்டில் திறந்த சாமானை முடிக்காமல் புதியதைத் தொடுவதில்லை. டின்பால், இருமல் மருந்து, பெயின்ட், எதுவானாலும். எட்டுப் பேர் ஒற்றை அறைக் காம்பராவில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இந்த வாக்கியத்தை வேறு நாளென்றால் வெட்டியிருப்பேன்.]

புத்தகத்தை எடுத்து அந்தக் கட்டத்தை வாசித்தேன். கண்ணைப் பற்றிய வரி. பெயின்டைப் பற்றிய வரி. மூன்றாவது:

‘திறந்து வைத்திருந்த போத்தலில் மீந்த ஒயிலை ஒருபோதும் பயன்படுத்தவேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிரேக் பிடிக்காமல் போகலாம்.’

முதல் அழைப்பை அவர் எடுக்கவில்லை. ஐந்தாவதையும் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கவேண்டும் என்பது நான் சண்டை பிடித்துப் போட்ட சட்டம்.

6

வழி தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. ஹட்டனிலிருந்து வட்டவளைவரை சமாளிக்கலாம். கினிகத்தேனையைத் தாண்டினால் கித்துல்கலைவரை ஒரே இறக்கம், வளைவுமேல் வளைவு. குளிரில் அந்த ஒயில் எந்தக் குறையும் காட்டாது. கால் வைத்தால் பிரேக் பிடிக்கும். இறங்க இறங்கச் சூடேறி, உள்ளே இருக்கும் ஈரம் கொதித்தால்தான் பிரேக் மிதி தரைப் பலகைவரைக்கும் போகும். அப்போது இடதுபக்கம் பள்ளமாக இருக்கும்.

வட்டவளையில் ரோட்டோரம் டயர்க்கடை வைத்திருக்கும் சின்னராசாவுக்குப் போன் எடுத்தேன்.

“சின்னராசா, எங்க வண்டி இப்ப அங்க வரும். நிப்பாட்டுங்க.”

“பொண்ணு வண்டியவா டீச்சர்? நல்ல காரியத்துக்குப் போற வண்டிய மறிச்சா ஏசுவாங்களே.”

“ஏசட்டும். குறுக்க நின்னாவது நிப்பாட்டுங்க. பிரேக்குல பிரச்சினை.”

அவர் போனோடு ரோட்டுக்கு ஓடினார். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

பதினைந்து நிமிடம் காத்திருந்தேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் கேட்காமலே முடிவுகள் வந்தன. [சின்னராசா ரோட்டுக்கு வருமுன் கார் போய்விட்டது.] [கினிகத்தேனைக்குக் கீழே மூன்றாவது வளைவில் அந்த வெள்ளைக் கார்] இதை என்னால் முடிக்கமுடியாது. இது எழுத்து உத்தி இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, மாதா படத்துக்கு முன்னால் நின்றும் ஒரு செபம்கூட முழுதாக வரவில்லை.

7

எட்டு ஐந்துக்குப் போன் அடித்தது. அவர்தான்.

“என்ன டோரீன் இது? சின்னராசா நடுரோட்டுல கைய விரிச்சுக்கிட்டு நிக்கிறான். பொண்ணு உள்ள இருக்கு. பின்னால வேன்ல சொந்தக்காரங்க எல்லாம் இறங்கிட்டாங்க.”

“பிரேக்குக்குப் பழைய போத்தல்ல இருந்ததயும் ஊத்துனீங்களா?”

“ஆமா. அதத்தான் மொதல்ல முடிச்சேன். பொறகு புதுசு ஒன்னு. அதுக்கென்ன?”

“அத ஊத்தக்கூடாதுங்க. இறக்கத்துல பிரேக் விட்டுரும். புத்தகத்துல போட்டிருக்கு.”

அவர் சிரித்தார். கோபத்திலும் அவருக்கு என்மேல் ஒரு சிரிப்பு உண்டு.

“புத்தகத்துல இருந்தா நீ அன்னைக்கே வாசிச்சிருப்பியே. நீ வாசிக்கல. அப்ப இல்ல. கதை எழுதி எழுதி ஒனக்கு எதப் பாத்தாலும் பயம். பிரேக் நல்லா நிக்குது. நான் வக்கிறேன், நேரமாகுது.”

அவரிடம் இருந்த ஒரே சாட்சி நான்தான். அந்தச் சாட்சியை நம்பித்தான் அவர் காரில் ஏறப்போகிறார். இன்டர்நெட்டில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம், யாரோ சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் சிரித்துவிட்டு ஏறியிருப்பார்.

“வக்காதீங்க,” என்றேன். “இருந்துச்சு. நான்தான் வாசிக்கல. சொன்னதயே சொல்லுதேன்னு அந்தக் கட்டத்த தாண்டிட்டேன். நீங்க கேட்டப்ப அவ்வளவுதான்னு சொன்னேன். என் தப்பு.”

பின்னால் ஒரு பெண் “நேரம் போகுது, நேரம் போகுது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு பேசினார்.

9

கார் வட்டவளையில் நின்றது. வினோதாவை வேனில் ஏற்றினார்கள். பட்டுச்சேலையோடு, இரண்டு சித்திகளுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு போனாள். காரில் கட்டியிருந்த பூமாலையை அவர் தன் கையாலேயே அவிழ்த்து வேனுக்குக் கட்டினாராம். முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். பெண்ணின் தகப்பன் யோகேஸ்வரன் பின்னேரம் எனக்குப் போன் எடுத்து ஏசினார். அவர் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை.

அந்தக் கார் இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தெரியாது. ஒன்றும் நடக்காமலும் போயிருக்கலாம். இதை ஒப்புக்கொள்வது கதைக்கு நல்லதில்லை, ஆனால் உண்மை அதுதான்.

என் கணவர் அன்று வீட்டுக்கு வரவில்லை. சின்னராசா வீட்டில் தங்கிவிட்டார். மறுநாள் காலையில் அந்த மூடி உடைக்காத போத்தலும், புதிதாக வாங்கிய இரண்டும், புத்தகமும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வட்டவளைக்குப் போனேன். கடைக்கு முன்னால் கார் ஜாக்கில் நின்றது. நான்கு சக்கரத்தையும் கழற்றி வைத்திருந்தார்.

“புத்தகம் கொண்டாந்தியா?”

“ம்.”

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிப் பிரேக் படம் இருந்த பக்கத்தைத் தானே கண்டுபிடித்தார். விரலை மேலே வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கினார். உதடு அசைந்தது. வாசிக்கிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். எண்ணிக்கொண்டிருந்தார்.

“இருபத்தி மூனு வரி,” என்றார். “மொதல்ல இருந்து வாசி.”

வாசித்தேன். நான் ஒரு வரி முடித்ததும் அவர் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. கண்ணில் படாமல் பார்க்கவும். விரல் இறங்கியது. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். விரல் இறங்கியது. கிரீஸ் படிந்த அந்த நகத்தைப் பார்த்துக்கொண்டே இருபத்தி மூன்று வரியும் வாசித்தேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்காது.

10

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

[அவர் “பரவாயில்ல டோரீன்” என்கிறார்.] எனக்கு மிகவும் பிடித்தது இது. அதனாலேயே இதை நம்பமுடியவில்லை.

[அடுத்த பெரிய சேர்விஸுக்குக் கார் கொழும்புக் கம்பனிக்குப் போகிறது. நான் கண்ணாடி அறைக்குள் குளிரில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பையன் தாளில் டிக் போடுகிறான்.] நடக்கலாம். கம்பனியின் விலைத் தாள் இன்னும் எங்கள் மேசையில், அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. இரண்டில் ஒன்றையும் அவர் எடுத்துவைக்கவில்லை. நானும் தொடவில்லை.

[அவர் ஆங்கில எழுத்துகளைப் படிக்கத் தொடங்குகிறார்.] இது பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு அனுப்பவேண்டியது.

இவற்றில் எதைத் தெரிவுசெய்யவும் எனக்கு உரிமையில்லை.

இன்னொரு விஷயம். அவரைப்போல நீங்களும் விரல் வைத்து எண்ணியிருந்தால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். இந்தக் கதையில் எட்டாம் பகுதி இல்லை. ஒன்றையும் விடமாட்டேன் என்று தொடக்கத்தில் வாக்குக் கொடுத்தவள் நான். விட்டிருக்கிறேன். நான் ஒப்புக்கொண்ட பிறகு போனை வைக்குமுன் அவர் ஒரேயொரு வரி சொன்னார். நாலு தடவை எழுதிப்பார்த்தேன். முடியவில்லை. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் வந்திருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அவரும் இதை வாசிப்பார். தமிழ்தானே. ஏழுக்கு அடுத்து ஒன்பதைக் கண்டதும் விரல் நின்றுவிடும். பிறகு என்னைக் கூப்பிட்டு, அதை என் வாயால் வாசிக்கச் சொல்வார்.

நான் குசினியில் அடுப்புப் பக்கத்தில்தான் இருக்கிறேன். கூப்பிடட்டும்.