தனக்கே மனுப் போட்ட புரோகிராம்

"தூங்கிடுச்சுன்னா சொன்னீங்க? என் புரோகிராம் தூங்கிடுச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா, அத்தான்?"

"பின்ன என்னம்மா சொல்றது? கை உடைஞ்சவங்க, கால் உடைஞ்சவங்கன்னு வெளியில பதினோரு பேர். ஒரு படம்கூடத் திறக்கல. கம்ப்யூட்டர் எல்லாம் கல்லு மாதிரி நிக்குது."

எக்ஸ்ரே மையம் அவள் அக்காள் கணவருடையது. படங்களை எங்கோ தொலைவில் சேமித்து, இங்கே சாதாரண ஃபோல்டர் போலக் காட்டும் புரோகிராம் அவளுடையது. ஏழு மாத உழைப்பு. எலும்பு டாக்டர் தன் மூன்று கிளினிக்குகளிலும் அதைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். குடும்பத்துக்கு வெளியே அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. சற்றுமுன் அவர் போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. சர்வர் இருந்த அறை ஒரு காலத்தில் உடை மாற்றும் அறை. கொக்கியில் இரண்டு பச்சை அங்கிகள் இன்னும் தொங்கின. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்த ஏற்பாட்டில் மாயமந்திரம் ஏதும் இல்லை. யாராவது ஒரு படத்தைத் திறந்தால் கோரிக்கை கெர்னலுக்குப் போகும். கணினியை ஆள்வது அதுதான், ஆனால் படம் இருக்கும் இடம் அதற்குத் தெரியாது. கேட்டவரை நிறுத்திவைத்துவிட்டுக் கோரிக்கையை வரிசையில் போடும். அவள் புரோகிராம் அதை எடுத்துப் படித்து, படத்தைக் கொண்டுவந்து, பதிலைக் கெர்னலிடம் எழுதிக் கொடுக்கும். ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. பதில் வரும்வரை கேட்டவர் அசைய முடியாது.

கெர்னலின் பதிலுக்கு யார் யார் காத்திருக்கிறார்கள் என்று திரையில் பார்த்தாள். அசையாமல் நின்றவர்களில் அவள் புரோகிராமும் ஒன்று, ஒரு ஃபைலில் எழுத அனுமதி கேட்டு!

"செஞ்ச வேலையெல்லாம் அது குறிச்சு வைக்குமே, அந்த லாக் ஃபைலை யார் நகர்த்தினது?"

"நான்தான், நேத்து ராத்திரி. எங்கேயோ கிடந்துச்சு. படம் இருக்கிற ஃபோல்டருக்குள்ளேயே போகட்டும்னு மாத்தினேன். எல்லாம் ஒரே இடத்துல இருந்தா நல்லதுதானே?"

"தொடாதீங்கன்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்தேனே!"

"கம்ப்யூட்டர்காரங்க எதுக்குத்தான் அப்படி எழுதல?"

"அந்த ஃபோல்டரை நடத்துறதே என் புரோகிராம்தான் அத்தான். அதுக்குள்ள ஒரு வரி எழுதணும்னா கெர்னலைக் கேக்கணும். கெர்னல் யாரைக் கேக்கும்?"

"யாரை?"

"என் புரோகிராமையேதான்! ஒரே ஆளைக் கவுன்ட்டருக்கு வெளியில மனுவோட நிக்க வச்சுட்டு, உள்ளே ஏன் யாருமில்லன்னு கேக்கிறீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அவ்வளவு கெட்டிக்காரப் புரோகிராமுக்கு இது தெரியாதா?"

அவள் சிரிக்கவில்லை. கெர்னலுக்கும் புரோகிராமுக்கும் இடையிலான இணைப்பை வெட்டினாள், அத்தனை கணினிகளும் விடுபட்டன. லாக் ஃபைலைப் பழைய இடத்துக்கு மாற்றி மறுபடி ஓட்டினாள். வரவேற்பறையிலிருந்து, "வந்துடுச்சு, மணிக்கட்டு வந்துடுச்சு!" என்று ஒரு குரல் கேட்டது.

"பாத்தியா, சரியாயிடுச்சு. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு..." அத்தான் அவள் தோளைத் தட்டிவிட்டு நகரப் பார்த்தார்.

தப்பு அவருடையது, பழி அவளுடையது. போகட்டும் என்று பெரிய மனசு பண்ணுவதும் அவரேவா? மேசையில் கிடந்த அவர் போனை எடுத்தாள். கதவை மறித்துக்கொண்டு நீட்டினாள்.

"டாக்டரைக் கூப்பிடுங்க அத்தான். ஃபைலை நகர்த்தினது நான்தான்னு உங்க வாயாலேயே சொல்லுங்க. இப்பவே, என் முன்னாடி."