நாற்பத்தேழில் முடியும் எண்

மதியம் மூன்று மணிக்கு மேல்தான் யார்டின் டெலிபோன் போர்டு கொஞ்சம் அடங்கும். டிரெய்லர் டிரைவர்கள் சாப்பிட்டுவிட்டு வண்டிக்கடியில் கட்டையைச் சாய்த்திருப்பார்கள். கப்பல் கம்பெனிக்காரர்களும் டீ குடித்துவிட்டு வந்துதான் அடுத்த ரவுண்டு கத்த ஆரம்பிப்பார்கள். அந்த நேரத்துக்குத்தான் சில்வியா காலையிலிருந்து காத்திருந்தாள். ஹெட்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டு, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் கம்ப்யூட்டரிடம் சொன்னாள்: "எர்ணாவூர் வூட்டு அப்ளிகேஷன தொற. இன்னிக்கி அஞ்சு மணியோட குளோஸ் பண்றாங்கோ."

திருவொற்றியூரில் இந்தக் கன்டெய்னர் யார்டு வந்த நாளிலிருந்து, பத்தொன்பது வருஷமாக, அவள்தான் ஆபரேட்டர். நாலு வயதில் அம்மை வாரிப் போட்டதில் கண் போனது. போனால் போகட்டும் என்று மூளை முந்நூறு போன் நம்பரைத் தூக்கி வைத்துக்கொண்டது. துறைமுகத்தில் எந்த கேட்டில் எந்த ஆள், அவனுக்கு எத்தனை மணிக்குக் கோபம் வரும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அப்பேர்ப்பட்டவள் ஒரு விண்ணப்பம் போட வேண்டுமென்றால் மட்டும் அண்ணன் பென்னிக்கு எப்போது லீவு என்று பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். போன மாதம் தைரியமாகத் தனியாக பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தாள். அங்கிருந்தவன் அவளிடம் பேசாமல் அவளுக்குப் பின்னால் தேடினான். "கூட யாரும் வர்லியா?" என்றானாம். மனுஷி எதிரில் நிற்கிறாள், பாவி, அவளிடம் கேட்டால் என்ன?

கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய படித்துக்காட்டும் மென்பொருளும் லேசுப்பட்டதில்லை. இந்த மாதிரி வெப்சைட்டுக்குள் நுழைந்தால் "பட்டன், பட்டன், லிங்க், பட்டன்" என்று அடுக்கிக்கொண்டே போகும். எந்தப் பட்டன் எதற்கு என்று அதற்கும் தெரியாது. போன வாரம் மேனேஜர் எபினேசர் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் ஒரு ஏஐயைப் போட்டுக் கொடுத்தார். கப்பல் எங்கே நிற்கிறது, பெட்டி இறங்கியதா என்று நாலு வெப்சைட்டில் அதுவே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். வாயால் சொன்னால் போதும், மவுஸைப் பிடித்த ஆள் மாதிரி அதுவே திறக்கும், அதுவே தட்டும். இரண்டே நாளில் சில்வியா அதற்கு தோஸ்து என்று பெயர் வைத்துவிட்டாள்.

தோஸ்து பக்கத்தைத் திறந்தது. விதிமுறை பதினொரு பக்கம், முழுக்கப் படித்துவிட்டு வேண்டியதை மட்டும் சொன்னது. எர்ணாவூர் அரசுக் குடியிருப்பில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தரைத்தளத்தில் பன்னிரண்டு வீடு, குலுக்கலில்தான் தருவார்கள். பெயர், பிறந்த தேதி, விலாசம், வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பியது. நடுவில் ஒரு தரம் தானாகவே, முதல் மாடி வரிசையைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன், திரும்பப் போய் மாற்றிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டது. சில்வியாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. இத்தனை வருஷத்தில் அவளுக்காக எழுதிக் கொடுத்தவர்கள் யாராவது, இங்கே தப்பு பண்ணிட்டேன் என்று வாய் திறந்து சொல்லியிருப்பார்களா?

ஓரிடத்தில் நின்றது. கோணல்மாணலான எழுத்துப் படம் ஒன்று இருக்கிறதாம். விண்ணப்பிப்பவர் மனிதர்தானா என்று பார்க்கிறார்களாம். அதைத் தான் போடுவது முறையல்ல, மனிதர் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும் என்றது. சில்வியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ கொண்டுவந்த பிலோமியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஐந்தாவது வரை படித்த பிலோமியக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பெரிய டி, சின்ன எச், அப்பால எட்டு" என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். சைபரை ஓ என்று சொன்னதில் ஒரு தடவை தட்டிவிட்டது, அடுத்த தடவை தாண்டியது. எதற்கு, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எர்ணாவூர் என்ற எழுத்தைப் பார்த்திருப்பாள்தான். போகும்போது தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

வீட்டில் கொடுமை ஒன்றும் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ராயபுரத்தில் இரண்டு ரூம், ஐந்து பேர். பென்னியண்ணன் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். தங்கச்சிக்காக உயிரையே கொடுப்பான். சின்ன வயதில் தெருமுனைக்கு வருகிற பஸ் நம்பரையெல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டியவன் அவன்தான். ஆனால் அவள் எழுந்தால் நாலு குரல் ஒன்றாகக் கிளம்பும்: பார்த்து, பார்த்து. உப்பு ஜாடி ஒருநாள் இருந்த இடத்தில் மறுநாள் இராது. ஹாலில் பாய் போட்டுப் படுப்பவளுக்கு மூடிக்கொள்ள ஒரு கதவு கிடையாது. நாற்பத்திரண்டு வயதாகிறது. அழ வேண்டுமென்றால்கூட பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுத்தான் அழ வேண்டியிருக்கிறது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண்ணைப் போட்டதும் பழைய பதிவு வந்து விழுந்ததாகத் தோஸ்து சொன்னது. பிறகு அதன் குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் படித்தது.

"'பிறரைச் சார்ந்து வாழ்பவரா' என்ற இடத்தில் 'ஆம்' என்று இருக்கிறது. 'சொந்த வருமானம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. நீங்கள் வேலையில் இருப்பதாகச் சொன்னீர்கள். எது சரி? இந்த வீடுகள் சொந்த வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும்தான். இப்படியே அனுப்பினால் தள்ளிவிடுவார்கள்."

சில்வியாவின் கை ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றது. அட்டையைப் புதுப்பித்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். பென்னி எழுதினான். எல்லாம் கரீட்டா எழுதிட்டேன், இங்க கையெழுத்துப் போடு என்று அவள் விரலைப் பிடித்துத் தாளில் வைத்தான். அன்றைக்கு அவள் வேலைக்குச் சேர்ந்து பதின்மூன்று வருஷம். அவள் சம்பளமும் சேர்ந்துதான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது. துரோகம் பண்ணியிருக்க மாட்டான். அவனுக்கு அது இயல்பாக வந்திருக்கும், அதுதான் அவளைச் சுட்டது. இரண்டையும் மாற்றச் சொன்னாள். மாற்றியது. சம்பளச் சீட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டு அதையும் இணைத்தது.

கடைசியில் ஓடிபி. நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்கு அனுப்பிவிட்டார்கள், அது உங்கள் போன்தானா என்று தோஸ்து கேட்டது. முந்நூறு நம்பர் தெரிந்தவளுக்கு அது தெரியாதா? அவள் பேரில் இருக்கிற எல்லாவற்றிலும் பென்னி தன் நம்பரைத்தான் போட்டு வைத்திருந்தான். மாற்ற வழியுண்டா என்று கேட்டாள். உண்டு, ஆனால் நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும், இன்று முடியாது என்றது. மணி நாலு இருபது.

அவள் யோசித்து முடிக்கும் முன் போர்டு அடித்தது. பென்னிதான்.

"சில்வி, எனுக்கு ஏதோ மெசேஜ் வந்துகீது. எர்ணாவூர் வூடுன்னு ஒம் பேரு போட்டுகீது. எவனோ ஏமாத்துறான், உஷாரா இரு. யார்கிட்டயும் சொல்லாதன்னு வேற போட்டுக்கீறான்."

"நாந்தாண்ணா போட்டேன். அது எனுக்கு வந்த நம்பரு."

லைனில் கிரேன் சைரன் மட்டும் கேட்டது. பிறகு அவன் மெதுவாக, "ஒனக்கு இன்னா கொறை வச்சோம்?" என்றான்.

"ஒரு கொறையும் இல்லண்ணா. ஒரு தாப்பா என் கையில இருக்கணும். அவ்ளோதான்."

பென்னி போனை வைத்துவிட்டான். தோஸ்து அவளை அவசரப்படுத்தவில்லை. அந்த ஓடிபியின் நேரம் முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு முறை கேட்கலாம், நிரப்பியது எல்லாம் அப்படியே இருக்கிறது என்று மட்டும் சொன்னது. நாலே முக்கால் வரை பார்த்தாள். அப்புறம் இன்னொரு தடவை அனுப்பச் சொல்லிவிட்டு, ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுக்கும் விரலால் தனக்காக அண்ணனுக்கு ஒரு லைன் போட்டாள். ஐந்தாவது ரிங்கில் எடுத்தான். ஹலோ சொல்லவில்லை.

"ஏழு," என்றான். "சைபர். மூணு. மூணு. ஒண்ணு. எட்டு." பஸ் நம்பர் படித்துக் காட்டிய அதே நிதானம்.

தோஸ்துவிடம் சொன்னாள். எண் சரி என்றது. அனுப்புமுன் முழுவதையும் ஒருமுறை வாசிக்கட்டுமா என்று கேட்டது. சில்வியா ஒரு நொடி யோசித்தாள். பிறகு ஹெட்போன் வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினாள். கேட்கட்டும், அவனும் கேட்கட்டும். ரிசீவரை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி வைத்தாள். அந்தக் குரல் அறைக்குள் வாசித்தது:

"பெயர், சில்வியா. தொழில், டெலிபோன் ஆபரேட்டர். சொந்த வருமானம், உண்டு. பிறரைச் சார்ந்து வாழ்பவரா, இல்லை. மேற்கண்ட விவரங்கள் யாவும் நானே அளித்தவை, உண்மையானவை என உறுதி கூறுகிறேன். இந்த உறுதிமொழி உங்களுடையது. கடைசிப் பட்டனை நீங்களே அழுத்துவதுதான் சரி. என்டரை அழுத்தினால் போய்விடும்."

பக்கத்து மேசையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றிருந்தது. ரிசீவரைக் காதில் வைத்தாள். பென்னி மூச்சு விடுவது கேட்டது.

"எத்தினாவது மாடி?" என்றான் கடைசியில்.

"கீழ் வூடுண்ணா."

"கீழ் வூடுன்னா கொசு பிச்சி எடுக்கும்." கொஞ்சம் நிறுத்தினான். "ஜன்னலுக்கு வல அடிக்கணும்."

அவள் என்டரைத் தடவிப் பார்த்து அழுத்தினாள். போர்டில் இரண்டு அழைப்பு, மூன்று அழைப்பு என்று அடித்துக்கொண்டே இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக அவள் எடுக்கவில்லை. அண்ணனும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவன் ஃபோர்க்லிஃப்ட் பின்பக்கமாக வரும்போது அடிக்கிற பீப் பீப் சத்தம் கேட்டது.